பாலியல் வன்முறைக்குப் பிறகு: ஆஸ்பத்திரி, காவல் நிலையம், வீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, பாதிக்கப்பட்ட பெண்கள் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது துணைக்குப் போகிறேன். அன்றும் இன்றும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பெரும்பாலும் தணிந்த குரலில், "என் தோழி ஒருத்திக்கு" என்று தொடங்கி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களின்படி. நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரை இலவசமாகப் பெறும் வழி 16-ஆம் பதிலில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஐந்து நாட்களுக்குள் இதைப் படிப்பவர்கள் முதல் மூன்று பதில்களை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

1. முதலில் எங்கே போக வேண்டும், போலீசுக்கா ஆஸ்பத்திரிக்கா?

ஆஸ்பத்திரிக்கு. புகாரை நாளையும் கொடுக்கலாம், அடுத்த மாதமும் கொடுக்கலாம். மருந்துகள் அப்படிக் காத்திருக்காது. காவல் நிலையத்திலிருந்து கடிதம் வாங்கி வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. அரசு, தனியார் எதுவாக இருந்தாலும் உடனடியாக, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397-ஆம் பிரிவு. மறுத்தால், பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 200-ஆம் பிரிவு இடம் தருகிறது.

முடிந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். மகப்பேறு மருத்துவர், ஆய்வகம், எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். ஒரே கதையை ஐந்து இடங்களில் சொல்ல வேண்டியிராது. வண்டி இல்லையென்றால் 108. கூட வர ஆள் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து, ஒருங்கிணைந்த சேவை மையத்தின் உதவி வேண்டும் என்று கேளுங்கள். 2015 முதல் மத்திய அரசு மாவட்டந்தோறும் அமைத்துவரும் இந்த மையங்களில் மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி, சில நாட்கள் தங்க இடம் ஆகியவை கிடைக்கும்.

2. போலீஸ் கேஸ் வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று சொல்லலாமா?

பதினெட்டு வயது நிரம்பியவர் சொல்லலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். காவல் துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் சட்டக் கடமை. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், வளாகத்தில் புறக்காவல் நிலையம் இருந்தால் அங்கிருந்து காவலர் ஒருவர் வரவும் கூடும். அவரிடம் இப்போது வாக்குமூலம் தர விரும்பவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அந்த மறுப்பைக் குறித்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

சிகிச்சை, உடல் பரிசோதனை, தடய மாதிரி எடுத்தல், காவல் துறைக்கு விவரங்களைத் தருதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுப்பதில் தவறே இல்லை. கையெழுத்துக்கு நீட்டப்படும் தாளை வாசிக்காமல் போடாதீர்கள். வாசிக்க முடியவில்லையென்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்காக முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் பிரச்சினை.

3. எத்தனை மணி நேரத்துக்குள் போனால் மருந்து வேலை செய்யும்?

கர்ப்பத் தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. 120 மணி நேரம் வரை கொடுக்கலாம், ஆனால் தாமதம் கூடக்கூடப் பலன் குறையும். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்துவது இன்னொரு வழி. இந்த மாத்திரையை விற்க நாட்டில் தடை இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், கூடவே ஒரு பார்வையும் வரும். கடை கடையாக அலைந்து நேரத்தை இழக்காமல் நேரே அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது. 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டலும் அசதியும் வரும். பாதியில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அதனால்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் குமட்டலுக்கு வேறு மாத்திரை தருவார்.

இவற்றோடு பால்வினைத் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி, காயம் இருந்தால் டி.டி. ஊசி. முதல் நாள் எச்.ஐ.வி. சோதனை உங்கள் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் மறுபடி செய்ய வேண்டும். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை. அதிர்ச்சியால் மட்டுமே மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே ஊகிக்காமல் சோதித்துவிடுங்கள்.

4. குளித்துவிட்டேன், உடுப்பையும் துவைத்துவிட்டேன். இனிமேல் போய் என்ன பயன்?

குளிக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் தோன்றுவதே அதுதான். குளித்ததால் மேலே சொன்ன மருந்துகளில் ஒன்றுகூடத் தேவையற்றதாகிவிடாது. ஆகவே போங்கள்.

தடயத்தைப் பொறுத்தவரை, உடலின் உட்பகுதியிலிருந்து 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்க வேண்டும் என்கின்றன நெறிமுறைகள். துணி, படுக்கை விரிப்பு போன்றவற்றில் அதற்குப் பிறகும் தடயம் கிடைக்கலாம். துவைத்த துணியையும் தூக்கிப் போடாதீர்கள். உலர்ந்த துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடாது. நம்பகமாக இருந்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதுமானது என்று பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறிவிட்டது.

5. உள்ளே கூட்டிப்போய் என்ன செய்வார்கள் சிஸ்டர்? அந்த விரல் சோதனை இன்னும் இருக்கிறதா?

நடந்ததைக் கேட்டு எழுதுவார்கள். தலை முதல் கால் வரை காயம், கீறல், வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர், நகத்தடி அழுக்கு, பஞ்சுக் குச்சியால் துடைத்த மாதிரிகள் எடுப்பார்கள். மருத்துவர் ஆணாக இருந்தால் பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும். காவலர்கள் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது, பெண் காவலரும்தான். நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்.

பெண் உறவுக்குப் 'பழக்கப்பட்டவரா' என்று பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை இருக்கக் கூடாது. அது தனியுரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்யும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று அறிவித்தது. ஒருவர் 'பழக்கப்பட்டவரா' என்பதற்கும் வன்முறை நடந்ததா என்பதற்கும் தொடர்பே இல்லை. யாராவது முயன்றால் "வேண்டாம்" என்று சொல்லி, மறுத்ததை எழுதச் சொல்லுங்கள். காயத்துக்குச் சிகிச்சை அளிக்கவே உட்பரிசோதனை தேவைப்பட்டால், அதை உங்களுக்கு விளக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

6. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நான் கத்தவும் இல்லை. யார் நம்புவார்கள்?

பயத்தில் உடல் உறைந்துபோவது உண்டு. கை எழாது, குரல் வராது. அது மூளையின் தற்காப்பு. மன உறுதியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. கத்திமுனையிலோ மிரட்டலிலோ இருப்பவர் உயிரைக் காத்துக்கொள்ள அசையாமல் இருப்பதும் அப்படித்தான்.

சட்டம் இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானாள். காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் எழுதிய திறந்த மடலும் பெண்கள் அமைப்புகளின் போராட்டங்களும் சேர்ந்து 1983-ல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தன. இன்றைய சட்டம் தெளிவாகவே சொல்கிறது: உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து ஒரு பெண் சம்மதித்ததாகக் கருத முடியாது. அவளுடைய முந்தைய உறவுகளும் சம்மதத்தை நிரூபிக்கும் சான்று ஆகாது. குறுக்கு விசாரணையில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அவர் எழவில்லையென்றால் நீதிபதியிடம் நீங்களே சொல்லலாம்.

7. நடந்து பல மாதம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் "இத்தனை நாள் என்ன செய்தாய்" என்று கேட்பார்களே?

கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருங்கள். பயம், மிரட்டல், குடும்பம், உடல்நிலை என உண்மையில் எது காரணமோ அதையே சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமைக்குக் காலவரம்பு இல்லை. நான்காம் பதிலில் சொன்ன 1996 தீர்ப்பு, குடும்ப மானம் கருதி யோசித்து வருவதால் ஏற்படும் தாமதத்தையும் ஏற்றுக்கொள்கிறது.

தாமதம் என்றால் என்ன என்பதற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினரால் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றவில்லை என்பதே அந்த வழக்கின் முதுகெலும்பு. இவ்வளவு காலம் காத்திருக்க வைத்தது அரசு எந்திரத்தின் அவமானம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

8. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அது போதுமா?

போதாது. அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. பாலியல் வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். அதன் நகல் இலவசம். பதியாத அலுவலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று சட்டம் சொல்கிறது. "இது எங்கள் எல்லை இல்லை" என்பதும் செல்லாது. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வாக்குமூலத்தைப் பெண் அலுவலர்தான் எழுத வேண்டும். உங்கள் வீட்டிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ எழுதலாம். காவல் நிலையத்துக்கே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மாற்றுத்திறனாளியாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடன் இருக்க வேண்டும்.

9. என் பெயர் வெளியே வந்துவிடாதா?

வரக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயர் மட்டுமல்ல, ஊர், பள்ளி, பெற்றோர் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வாட்ஸ்அப்பில் "நீதி வேண்டும்" என்ற வாசகத்தோடு படத்தைப் பகிர்பவரும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். விசாரணையும் மூடிய அறையில் நடக்கும்.

இருந்தாலும் கசிவே நடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் பெயர் இருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டையும் சொல்லும்போது முடிவையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் 2025 ஜூனில் தண்டனை கிடைத்தது.

10. கர்ப்பமாகிவிட்டேன். கலைக்க அனுமதி வாங்க வேண்டுமா?

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பத்தை 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கலைக்கலாம் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் கூறுகிறது. 24 வாரத்தைத் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். சட்ட உதவி வழக்கறிஞரை அன்றே பிடியுங்கள், ஒவ்வொரு நாளும் முக்கியம். பதினெட்டு வயது நிரம்பியவரின் சம்மதம் மட்டுமே தேவை. கணவர், தந்தை, மாமியார் யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. திருமணம் ஆகாதவர் என்பதும் தடை இல்லை.

வழக்கு நடந்தால் கருவின் திசு டி.என்.ஏ. சான்றாகும். கலைப்பதற்கு முன்பே மருத்துவரிடமும் விசாரணை அலுவலரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

11. என் மகளுக்கு 17 வயது. யாருக்கும் தெரியாமல் சிகிச்சை பார்க்க முடியுமா?

இரண்டாம் பதிலில் சொன்ன மறுப்பு உரிமை இங்கே செல்லாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். ஆனால் பரிசோதனையும் சிகிச்சையும் புகாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் அவளுடைய சொந்த ஒப்புதலையும் கேட்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

விருப்பத்தோடு பழகியதில் கர்ப்பமான சிறுமிகளைக் குடும்பங்கள் மறைவாக எங்கெங்கோ கூட்டிப்போய் உயிருக்கே ஆபத்து ஆவதுண்டு. இதை மனதில் வைத்துத்தான், சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் தரும் தகவலில் அவள் அடையாளத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு பல மருத்துவர்களுக்கே தெரியாது. போகும்போது நீங்களே சொல்லுங்கள்.

12. செய்தவர் என் கணவர். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மருத்துவம் முழுவதும் பொருந்தும். 11-ஆம் பதிலில் சொன்ன 2022 செப்டம்பர் தீர்ப்பு, கருக்கலைப்புச் சட்டத்துக்கு மட்டும், கணவரின் பாலியல் வன்முறையையும் வன்கொடுமையாகவே கணக்கில் எடுக்கிறது. குற்றவியல் சட்டம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவர் வற்புறுத்துவதை வன்கொடுமைக்கான விளக்கத்திலிருந்து விலக்கி வைக்கும் விதிவிலக்கு புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. இந்த விதிவிலக்கு எனக்கு ஏற்புடையதல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை.

கையில் இருக்கும் கருவி 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பாலியல் கொடுமையையும் அது வன்முறை என்கிறது. பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, ஜீவனாம்சம் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் தனிப் பிரிவின்கீழ் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு.

13. பையன் சொந்தக்காரன்தான். பேசிக் கல்யாணம் செய்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

யாருடைய பிரச்சினை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே. ஆகவே 'தெரிந்த பையன்' என்பது விதிவிலக்கு இல்லை, அதுதான் வழக்கம். அவனுக்கே கட்டி வைப்பது, அதே வன்முறையைக் கதவுக்குப் பின்னால் தொடரவிட்டு, 12-ஆம் பதிலில் சொன்ன விதிவிலக்கை அவன் கையில் கொடுப்பதாகும்.

2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, தண்டிக்கப்பட்ட ஒருவருக்குப் பெண்ணோடு சமரசம் பேச ஜாமீன் வழங்கப்பட்டது. அடுத்த மாதமே, வன்கொடுமை வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் ஊர்ப் பெரியவர்களின் கட்டப் பஞ்சாயத்துக்கு எங்கிருந்து வரும்?

14. தூக்கம் இல்லை, சிறு சத்தம் கேட்டாலும் நடுங்குகிறேன். பைத்தியம் பிடித்துவிடுமோ?

பிடிக்காது. கெட்ட கனவு, திடீரென்று அந்த இடத்தில் மறுபடி நிற்பதுபோல் தோன்றுவது, எரிச்சல், எதையும் உணராத மரத்த நிலை எல்லாம் முதல் வாரங்களில் வரக்கூடியவையே. பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய்; பேச்சு சிகிச்சையாலும் மருந்தாலும் குணமாகும். அரசு தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் அந்த எண்ணையோ 104-ஐயோ உடனே அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தின்போது தசை இறுகிப்போவது ஆகியவை ஆண்டுகள் கழித்தும் வரலாம். வலிக்குக் காரணம் தெரியாமல் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பவர்கள், நம்பிக்கையான மருத்துவராக இருந்தால் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது. மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது எல்லாம் குடும்பத்தின் மன ஆறுதலுக்கு வேண்டுமானால் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு வேண்டாம்.

15. பிற்பாடு கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகுமா? வரப்போகிறவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆகும். தொற்றுகளுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் கருத்தரிப்பதில் பிரச்சினை வரக் காரணம் இல்லை. கன்னிச்சவ்வைப் பார்த்து ஒருவரின் கடந்த காலத்தை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பலருக்கு அது பிறவியிலேயே வெவ்வேறு மாதிரி இருக்கும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சட்டமோ மருத்துவமோ கட்டாயப்படுத்தவில்லை. சிகிச்சை தேவைப்படும் தொற்று இருந்தால் மட்டும் துணைக்குத் தெரிய வேண்டும்.

16. வக்கீலுக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. அரசு ஏதாவது தருமா?

பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டப்படி வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை இருந்தாலே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். "பணத்துக்காகத்தான் புகார் கொடுத்தாள்" என்று பேசுபவர்கள் பஸ் கட்டணத்துக்குக்கூட உதவியிருக்க மாட்டார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள்மீது பிற சாதியினர் செய்த குற்றமென்றால் எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கும்படி கேளுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர் விசாரிப்பார், முன்ஜாமீன் கிடையாது, நிவாரணம் தவணையாகத் தீர்ப்புக்கு முன்பே தொடங்கும்.

17. வேலை செய்யும் இடத்தில் நடந்தது. வேலை போய்விடுமோ?

காவல் புகார் ஒரு பக்கம், நிறுவனத்தின் உள் புகார்க் குழு இன்னொரு பக்கம்; இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்போ இடமாற்றமோ கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம், வீட்டு வேலை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

18. குழந்தை பிறந்துவிட்டது. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதற்காக உங்களைக் குறை சொல்லும் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். வளர்க்க விருப்பமில்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம், ரகசியம் காக்கப்படும். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாட்கள் அவகாசம் உண்டு. யாரிடமோ கைமாற்றிக் கொடுப்பது மட்டும் வேண்டாம், அது குற்றம், குழந்தைக்கும் ஆபத்து. வளர்க்க முடிவு செய்தால், தந்தை பெயர் இல்லாமலே பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் கூறியிருக்கிறது.

19. என் தங்கைக்கு நடந்திருக்கிறது. நான் என்ன பேச வேண்டும்?

அதிகம் பேச வேண்டாம். "நீ சொல்வதை நம்புகிறேன்", "இதில் உன் தவறு இல்லை" என்ற இரண்டும் போதும். ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய், ஏன் முன்பே சொல்லவில்லை ஆகிய மூன்றையும் விழுங்கிவிடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-இல், உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி நாடியிருந்தார்கள். உங்கள் தங்கை உங்களிடம் சொன்னதே பெரிய காரியம்.

அவளைக் கேட்காமல் அண்ணனுக்கும் மாமாவுக்கும் போன் செய்யாதீர்கள். கல்லூரியை நிறுத்தாதீர்கள், போனைப் பறிக்காதீர்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பல வீடுகளில் நடப்பது தண்டனைதான். மாத்திரை வேளை, மறுபரிசோதனைத் தேதி, நீதிமன்றத் தேதி இவற்றை நீங்கள் நினைவு வைத்துக்கொண்டால் அவளுக்கு அதுவே பேருதவி.

20. எல்லாம் செய்தும் கேஸ் தோற்றுவிட்டால், நான் பொய் சொன்னேன் என்று ஆகிவிடுமா?

ஆகாது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் விடுதலைக்குப் பொருள். மாதிரியைச் சரியாகச் சேமிக்காதது, விசாரணையில் ஓட்டை, சாட்சி பிறழ்ந்தது என எதனாலும் அது நேரலாம். பொய்ப் புகார் என்று சொல்ல வேண்டுமானால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் நேரடியாக உண்டு. வாங்கிய மருத்துவச் சீட்டு, முதல் தகவல் அறிக்கையின் நகல், வாக்குமூலத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இழப்பீடும் தண்டனையோடு கட்டப்பட்டதல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டாலும், பெண்ணுக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். அந்த மனுவும் 16-ஆம் பதிலில் சொன்ன அதே அலுவலகத்துக்குத்தான் போகும்.